ஸ்பீடு டெஸ்ட் சரி, குரல் மட்டும் ஏன் வெட்டுகிறது? – வாசகர் கேள்வி பதில்

வயர்லெஸ் இணைப்பில் வரும் தாமதம், ஜிட்டர் பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாக்கெட் (இணையத்தில் போகும் ஒரு தரவுத் துண்டு) போய்ச் சேர எடுக்கும் நேரம் தாமதம். அந்த நேரம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏறி இறங்கினால் ஜிட்டர். பாக்கெட் போய்த் திரும்பி வர ஆகும் நேரம் பிங். மூன்றுக்கும் மில்லிசெகண்ட்தான் அளவு. கீழே அதை மி.செ. என்று சுருக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் ஃபிளாட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முழுசாக வருகிறது. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆபீஸ் காலில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. பையன் கேம் ஆடும்போது பிங் 30லிருந்து திடீரென்று 400க்குப் போகிறதாம். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிவிடலாமா?
– வாசகி, வேளச்சேரி

அவசரப்பட்டு மாறாதீர்கள். ஒரு குரல் அழைப்புக்கு, பழைய ஜி.711 ஒலிக் குறியீட்டு முறையிலேயே, நொடிக்கு 50 பாக்கெட், மொத்தம் 80 கேபிபிஎஸ் போதும். 40 எம்பிபிஎஸ்ஸில் கணக்குக்கு 500 பேர் பேசலாம். வேகம் உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. பாக்கெட் வழியில் எங்கேயோ காத்துக் கிடக்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டருக்குப் பிங் ஓடட்டும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் 8.8.8.8க்கு (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்). யாரும் எதுவும் செய்யாத நேரத்தில் ரூட்டர் பிங் 1 முதல் 5 மி.செ.க்குள் இருக்க வேண்டும். இப்போது ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை கிளவுடில் ஏற்றுங்கள். ரூட்டர் பிங் அப்படியே இருந்து, வெளி பிங் மட்டும் எகிறினால், மேலே ஏற்றும் பாதையில் வரிசை நீள்கிறது. ரூட்டர் பிங்கே குதித்தால் கோளாறு காற்றில், அதாவது வைஃபையில். ஸ்பீடு டெஸ்ட் முதலில் காட்டும் பிங் எண், லைன் சும்மா இருக்கும்போது எடுத்தது. அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

பையன் சொல்லும் 400ஐப் பார்த்தால் முதல் வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம். ரூட்டரிலோ, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியிலோ 2 மெகாபைட் அளவுக்கு வரிசை கட்ட இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 16 மெகாபிட். 40 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாக 0.4 நொடி, அதாவது 400 மி.செ. ஆகும். உங்கள் போன் போட்டோக்களை பேக்கப் செய்யத் தொடங்கியதும் அந்த இடம் நிரம்பிவிடும். அதன் பின்னால் வரும் சின்னஞ்சிறு குரல் பாக்கெட்டும் அந்த 400ஐக் காத்தே ஆகவேண்டும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினால் காத்திருப்பு குறையும், ஆனால் ஒழியாது.

மருந்து எஸ்க்யூஎம் என்ற வரிசை நிர்வாகம். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்கும் ரூட்டர் ஒன்று வாங்கி, அதில் எஸ்க்யூஎம் பொதியை நிறுவி, கேக் (CAKE) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் அசல் வேகத்தில் 90 சதவீதம், உங்களுக்கு 36 எம்பிபிஎஸ், கொடுங்கள். 10 சதவீதத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், அப்போதுதான் வரிசை கம்பெனிக்காரர் பெட்டியில் கட்டாமல் உங்கள் ரூட்டரில் கட்டும். அங்கே ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை உண்டு. கேக்குக்குள் இயங்கும் கோடெல் என்ற கணக்கு, காத்திருப்பு 5 மி.செ.யைத் தாண்டி நீடித்தால் பெரிய வரிசையிலிருந்து ஒரு பாக்கெட்டை உதிர்த்து, அனுப்புகிறவரை நிதானிக்க வைக்கும். மறுபடி பிங் பாருங்கள். எகிறாவிட்டால் 37, 38 என்று ஏற்றிக்கொண்டே போய், எகிறும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

இதில் சறுக்குவது இரண்டு இடத்தில். ரூட்டரில் ஹார்டுவேர் ஆஃப்லோடு (பாக்கெட்டுகளைச் சிப்பே நேராகக் கடத்திவிடும் வசதி) இயங்கினால் பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமலேயே போய்விடும், அதை அணைக்க வேண்டும். அடுத்து, மலிவான ரூட்டரின் சிப் 36 எம்பிபிஎஸ்ஸை எளிதாகச் சமாளிக்கும். நாளைக்கு 300 எம்பிபிஎஸ்ஸுக்குப் போனால் அதே சிப் திணறும். புது ரூட்டர் வாங்க இப்போது வசதியில்லை என்றால், கிளவுட் பேக்கப்பை இரவு 2 மணிக்கு மாற்றுங்கள். காசில்லாத வழி, பலனும் உண்டு.

இனி காற்று. வேளச்சேரி ஃபிளாட்களில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். 3, 4, 9 என்று நடுவில் புகுந்தால் இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள். பேசும் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, அகலத்தை 40 அல்லது 80 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 160 வைத்தால் ஸ்பீடு டெஸ்ட் அழகாக இருக்கும், பக்கத்து வீட்டோடு மோதலும் கூடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கேட் பக்கம் மூலையில் ஒரு பழைய வைஃபை கேமரா இருக்கிறதா பாருங்கள். சிக்னல் கிடைக்காமல் அது 1 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிட்டால், 1,500 பைட் பாக்கெட் ஒன்று 12 மி.செ. காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதே பாக்கெட் 54 எம்பிபிஎஸ்ஸில் கால் மி.செ.கூட எடுக்காது. கேமரா பேசி முடிக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. பாக்கெட் சேரவில்லை என்றால் வைஃபை அதைத் தானே திரும்பத் திரும்ப அனுப்பும். ஆகவே உங்கள் கண்ணுக்கு இழப்பு தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். அந்தக் கேமராவையும், நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவியையும் லேன் கேபிளில் போடுங்கள். வைஃபையைச் சரிசெய்ய நாங்கள் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான்.

கே: மிருதங்க வகுப்பு ஆன்லைனில் எடுக்கிறேன். திருச்சியில் ஒரு மாணவன், நியூஜெர்சியில் ஒரு மாணவி. நான் தாளம் போட்டால் அவர்கள் வாசிப்பது பின்தங்கியே கேட்கிறது. மூன்றாம் காலத்தில் ஒன்றுமே செய்ய முடியவில்லை. நல்ல ரூட்டர் வாங்கினால் தீருமா?
– வாசகர், மயிலாப்பூர்

திருச்சி மாணவனோடு தீர்க்கலாம். நியூஜெர்சி மாணவியோடு சேர்ந்து வாசிப்பது எந்த ரூட்டராலும் நடக்காது. ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறோம்.

ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோசெகண்ட். திருச்சி சுமார் 330 கி.மீ., போக 2 மி.செ.கூட ஆகாது. கம்பெனிகளின் சுற்றுப்பாதையைச் சேர்த்தாலும் பெரும்பாலும் 5 முதல் 15க்குள் அடங்கும். நியூஜெர்சி நேர்கோட்டிலேயே 13,000 கி.மீ.க்கு மேல். ஒருவழிக்கே குறைந்தது 65 மி.செ., கடலடி கேபிள் வளைந்து போவதால் நடைமுறையில் இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) வைத்தால் ஓர் அட்சரம் 750 மி.செ. அட்சரத்துக்கு எட்டு சொல் (மிருதங்கத் தட்டு) விழும் இடத்தில் ஒரு சொல்லுக்கு 94 மி.செ.தான். நீங்கள் போடும் தட்டு அங்கே போய், அவள் வாசிப்பு திரும்பி வருவதற்குள் ஒரு சொல்லுக்கு மேல் நழுவிவிடும். பேசுவதற்கு ஒருவழித் தாமதம் 150 மி.செ.வரை உறுத்தாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. சேர்ந்து வாசிக்க ஏறத்தாழ 25, 30தான் தாங்கும்.

ஆகவே அவளுக்கு வகுப்பு முறையை மாற்றுங்கள். தாளம் அவள் பக்கம் இருக்கட்டும், தாளம் போடும் செயலியோ அவள் கையோ. நீங்கள் மைக்கை மியூட் செய்துவிட்டுக் கேளுங்கள். தாளமும் வாசிப்பும் ஒன்றாகவே தாமதமாகி வருவதால் உங்கள் காதுக்கு இரண்டும் சேர்ந்தே விழும், எங்கே ஓடுகிறாள் எங்கே இழுக்கிறாள் என்பது துல்லியமாகத் தெரியும். நீங்கள் ஒரு கோர்வை, அவள் ஒரு கோர்வை என்று மாற்றி மாற்றி வாசிப்பதற்கும் தடையில்லை. நடுவில் சற்று மௌனம் விழும், அவ்வளவுதான்.

திருச்சி மாணவனுக்கு வருவோம். முதலில் இருவரும் புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றுங்கள். எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறையில் ஓடும் சாதாரண புளூடூத் ஒன்றே 150 முதல் 250 மி.செ. சாப்பிடும். நெட்வொர்க்கில் 5, 10 என்று மிச்சம் பிடித்து இங்கே கொட்டுவதில் பயனில்லை. வயர் வைத்த ஹெட்போன், வயர் வைத்த மைக். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஜாமுலஸ், சோனோபஸ் இரண்டும் இசைக்காகச் செய்யப்பட்டவை, இலவசம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒலி பஃபரை (செயலி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்று வைத்தால் 2.7 மி.செ., 1024 என்றால் 21 மி.செ. விண்டோஸில் 128ஐ நிலையாகத் தாங்க ஆசியோ (தாமதம் குறைந்த ஒலிக்கான) டிரைவர் உள்ள ஒலிப்பெட்டி தேவைப்படும்.

இங்கேதான் ஜிட்டர் உள்ளே வருகிறது. பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்தால், கேட்கும் பக்கத்து செயலி சிறிது சேர்த்துவைத்துத்தான் ஒலிக்க முடியும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைச் சராசரி தீர்மானிக்காது, மிக மோசமாகத் தாமதிக்கும் பாக்கெட்தான் தீர்மானிக்கும். 100 பாக்கெட்டில் ஒன்று 40 மி.செ. பிந்தினாலும், மீதி 99க்கும் அந்த 40ஐச் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் ஒலி பொரியும். செயலி காட்டும் ஜிட்டர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆர்எஃப்சி 3550 என்ற இணையத் தர ஆவணத்தின் கணக்கில் ஒவ்வொரு வித்தியாசத்திலும் பதினாறில் ஒரு பங்குதான் சேரும். ஒற்றை 80 மி.செ. தாவல் அதில் 5 ஆகவோ 10 ஆகவோ மட்டுமே தெரியும். பத்து நிமிடம் பிங் ஓடவிட்டு, இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பாருங்கள்.

வகுப்பு நேரத்துக்கு லேன் கேபிள்தான் சரி. 15 மீட்டர் கேட்6 கேபிளைச் சுவரோரமாக இழுத்துவிட்டால் இந்தப் பத்தி முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. முடியவே முடியாது என்றால் ரூட்டர் இருக்கும் அதே அறையில் உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். லேப்டாப் வைஃபை அவ்வப்போது வேறு சேனல்களை எட்டிப் பார்த்துவிட்டு வரும். அந்தச் சில பத்து மி.செ. பாக்கெட் போகாது. லொகேஷன் சேவையை நிறுத்தினால் இது குறையும். ஆப்பிள் லேப்டாப் என்றால் ஏர்டிராப்பையும் அணைத்துப் பாருங்கள். அதற்கான ரேடியோ வேலையும் சேனல் மாறி மாறித்தான் நடக்கிறது.

ஜூமிலேயே தொடர்வதானால் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி தொப்பியின் (மிருதங்கத்தின் இடது முகம்) நாதத்தை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். இது தாமதம் சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்க வேண்டும் அல்லவா.

கே: மும்பை கேம் சர்வருக்கு 35 பிங் வருகிறது. வைஃபை 7 ரூட்டர் போட்டால் 5 ஆகுமா?
– வாசகர், பெரம்பூர்

ஆகாது. மும்பைக்கு 1,300 கி.மீ. ஒளி போய்த் திரும்பவே 13 மி.செ. மீதி, கம்பெனியின் பாதை. உங்கள் வீட்டுக் காற்றின் பங்கு அதில் 2, 3 மி.செ.தான். புது ரூட்டர் அந்த 35 திடீர் திடீரென்று 90க்குத் தாவுவதைக் குறைக்கலாம். தாவலே இல்லையென்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

கே: எங்கள் பட்டறையில் ஏஜிவி (ஆளில்லாமல் தானாக ஓடும்) வண்டி ஒன்று வைஃபை வழியாக பிஎல்சியோடு (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேசுகிறது. நாளில் பல தடவை கம்யூனிகேஷன் ஃபால்ட் காட்டி நின்றுவிடுகிறது. சிக்னல் எல்லா இடத்திலும் முழுசாகத்தான் இருக்கிறது. வண்டி கொடுத்தவர் வைஃபையைக் குறை சொல்கிறார், வைஃபை போட்டவர் வண்டியைக் குறை சொல்கிறார்.
– மெயின்டனன்ஸ் பொறுப்பாளர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

வண்டியில் ஒரு சிறு கணினியைக் கட்டி, 20 மி.செ.க்கு ஒரு பிங் வீதம், நேரத்தோடு பதிவாகும்படி ஓடவிடுங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். ஒரு ஷிஃப்ட் போதும். கோடுகள் இரண்டு மூன்று இடத்தில் குவிந்தால், வண்டி ஓர் ஆக்சஸ் பாயின்டை (வைஃபை தரும் பெட்டி) விட்டு அடுத்ததற்குத் தாவும் இடம் அது. கோடுகள் பட்டறை முழுக்கச் சிதறி, நேரம் மட்டும் டீ டைமிலும் ஷிஃப்ட் மாறும்போதும் குவிந்தால், காற்று நெரிசல்.

தாவும் இடம் என்றால் பிஎல்சி அமைப்பிலிருந்து தொடங்குங்கள். பிஎல்சி பேசும் புரோஃபிநெட் முறையில் அப்டேட் நேரம் 8 மி.செ., தவறவிட அனுமதி 3 என்றிருந்தால் 24 மி.செ. மௌனத்திலேயே ஃபால்ட் அடித்துவிடும். கேபிளுக்கு அது சரி. வைஃபையில் ஒரு தாவல், முழு 802.1எக்ஸ் அடையாளச் சரிபார்ப்போடு, சில நூறு மி.செ. பிடிக்கும். விரைவாகத் தாவ உதவும் 802.11ஆர் வசதியை ஆக்சஸ் பாயின்டிலும் வண்டியிலும் இயக்கினால் 50க்குப் பக்கம் கொண்டுவரலாம். இரண்டில் ஒன்றில் மட்டும் இருந்தால் பலனில்லை. அப்டேட்டை 64க்கு ஏற்றினால் 192 மி.செ. தாங்கும். ஆனால் நொடிக்கு 1 மீட்டர் ஓடும் வண்டி அந்த நேரத்தில் 19 செ.மீ. நகர்ந்திருக்கும். நிற்கும் தூரத்தைக் கணக்கிடாமல் இந்த எண்ணைத் தொடாதீர்கள். பம்பர், லேசர் ஸ்கேனர், எமர்ஜென்சி ஸ்டாப் மூன்றும் வண்டிக்குள்ளேயே வயரில் இணைந்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும். ஆள் உயிரைக் காக்கும் வேலையை வைஃபை பிங்கை நம்பி விடக்கூடாது.

அடுத்து, வண்டி தேடும் சேனல் பட்டியலை 36, 44, 149 என்று மூன்றோடு நிறுத்துங்கள். எல்லாச் சேனலையும் தேடினால் ஒவ்வொன்றிலும் நேரம் போகும். 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் (ரேடாருக்கு வழிவிட வேண்டிய) சேனல்களில் வண்டி தானாகக் கேள்வி கேட்க முடியாது. ஆக்சஸ் பாயின்டின் பீக்கன் (தான் இருப்பதை அது அறிவிக்கும் சிக்னல்) வரும்வரை, சுமார் 102 மி.செ., காத்திருந்தாக வேண்டும். தவிர, ரேடார் என்று சந்தேகம் வந்தால் ஆக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும். துறைமுகத்தில் உள்ள வானிலைத் துறை ரேடார்தான் காரணமோ என்று தேட வேண்டாம், அது எஸ் பேண்டில் இயங்குவது, 5 கிகாஹெர்ட்ஸோடு தொடர்பில்லை. தவறான சந்தேகமும் உண்மைச் சந்தேகமும் வண்டிக்கு ஒன்றுதான், நின்றுவிடும்.

'சிக்னல் முழுசாக இருக்கிறது' என்பதும் போதாது. வண்டியின் ஆன்டெனா உயரத்தில், ஸ்டீல் ரேக்குகளில் சரக்கு நிரம்பியிருக்கும்போது அளந்து பாருங்கள். பாதை நெடுக இரண்டு ஆக்சஸ் பாயின்டாவது மைனஸ் 67 டிபிஎம் சிக்னல் பலத்துக்குக் குறையாமல் தெரிய வேண்டும். அடுத்தது தெரியாமல் முதலாவது தேய்ந்தால், வண்டி பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

நெரிசல் என்றால் ஊழியர் போன்களையும் டேப்லெட்களையும் வேறு பேண்டுக்குத் தள்ளுங்கள். 6, 9 எம்பிபிஎஸ் வேகங்களை (2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2, 5.5, 11ஐயும்) அணைத்து, குறைந்தபட்சத்தை 12க்கு உயர்த்துங்கள். ஏஜிவிக்குத் தனி விலேன் (நெட்வொர்க்குக்குள் ஒரு தனிப் பிரிவு) வேண்டும். இல்லையென்றால் ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட் எல்லாம் இதே காற்றில் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும்.

முன்னுரிமை கொடுத்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். பிஎல்சி பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரை குத்தினாலும், பல சாதனங்கள் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்து அதை வீடியோ வரிசையில் போட்டுவிடும். குரல் வரிசைக்கு, அதாவது முன்னுரிமை 6க்கு, அனுப்பச் சொல்கிறது 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325. அந்த மாற்றத்தைக் கையால் செய்ய வேண்டியிருக்கும். பேசும் முன் எவ்வளவு காத்திருப்பது என்று வைஃபை குலுக்கிப் போடும் சீட்டு, குரல் வரிசைக்கு 0 முதல் 3க்குள் விழும். சாதாரண வரிசைக்கு 0 முதல் 15, மோதல் தொடர்ந்தால் இரட்டிப்பாகி 1023வரை போகும். இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் குரல் வரிசையில் ஏற்றிவிடாதீர்கள். நான்கே சீட்டுக்குப் பத்து வண்டிகள் போட்டியிட்டால் அவையே ஒன்றோடொன்று மோதும்.

கே: இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் சிப்) வைத்து ரிமோட் கார் செய்கிறேன். போனில் ஜாய்ஸ்டிக் நகர்த்தினால் கார் விட்டு விட்டு ஓடுகிறது. புரோகிராம் கோடு சரியாகத்தான் இருக்கிறது.
– மாணவர், குரோம்பேட்டை

இஎஸ்பி32 வைஃபை, தானாகவே மின்சேமிப்பு நிலையில்தான் எழும். பீக்கனுக்குப் பீக்கன் தூங்கும், ரூட்டர் உங்கள் கட்டளையை அதுவரை கையில் வைத்திருக்கும். கோடில் WiFi.setSleep(false) என்று கொடுங்கள். பாதித் திணறல் அங்கேயே போகும். அதே சிப்பில் புளூடூத்தும் ஓடினால் மின்சேமிப்பை அணைக்க விடாது, ஆகவே புளூடூத்தை எடுத்துவிடுங்கள்.

கட்டளையை டிசிபி என்ற அனுப்பும் முறையில் அனுப்பாதீர்கள். ஒன்று தொலைந்தால் அது வரும்வரை பின்னால் வந்ததையெல்லாம் டிசிபி நிறுத்திவைக்கும். பழைய ஸ்டியரிங் நிலையை வைத்துக்கொண்டு காருக்கு என்ன லாபம்? தொலைந்ததற்காகக் காத்திருக்காத யூடிபி முறையில் 20 மி.செ.க்கு ஒன்று, வரிசை எண்ணோடு அனுப்புங்கள். பழைய எண் வந்தால் தூக்கிப் போடுங்கள். 200 மி.செ. எதுவும் வரவில்லை என்றால் மோட்டார் நிற்கட்டும்.

கோடில் சீரியல் பிரின்ட் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். 9600 பாடில் ஓர் எழுத்துக்கு 1 மி.செ.க்கு மேல். 40 எழுத்து வரி ஒவ்வொன்றும் லூப்பை 40 மி.செ. கட்டிப்போடலாம். 115200க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். மோட்டார் கிளம்பும்போது போர்டே ரீசெட் ஆனால் அது நெட்வொர்க் கோளாறல்ல. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள். போர்டின் மின்முனையில் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

கே: எங்கள் தெருவில் ஃபைபர், 5ஜி வயர்லெஸ் இரண்டும் கிடைக்கிறது. வீட்டிலிருந்தே நோயாளிகளுக்கு வீடியோ ஆலோசனை தருகிறேன். 5ஜியில் தாமதம் 1 மில்லிசெகண்ட்தான் என்கிறார்களே?
– மருத்துவர், மேடவாக்கம்

ஃபைபர் எடுங்கள். அந்த 1 மி.செ. ரேடியோப் பகுதிக்கு மட்டும், அதுவும் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கான தனி ஏற்பாட்டுக்கு வகுத்த இலக்கு. வீட்டு பிளானுக்கு அது பொருந்தாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஏற்றமும் இறக்கமும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கின்றன, ஏற்றத்துக்குக் கிடைக்கும் முறை குறைவு. உங்கள் முகமும் குரலும் போவது அந்த ஏற்றத்தில்தான். மாலையில் டவரில் கூட்டம் சேர்ந்தால் ஜிட்டர் ஏறும், அதை நீங்கள் வீட்டிலிருந்து எதுவும் செய்ய முடியாது. 5ஜியை மாற்று இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அரை நொடியில் ரூட்டர் அணைந்து, வகுப்பு மூன்று நிமிடம் போய்விடுகிறது.
– வாசகி, தாம்பரம்

ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். ஓஎன்டி பெட்டியையும் ரூட்டரையும் சேர்த்தே அதில் இணையுங்கள், ஒன்றை விட்டால் பயனில்லை. இரண்டின் ஆம்பியரையும் கூட்டி, அதற்குக் குறையாத யுபிஎஸ்ஸாக வாங்குங்கள். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் எந்தச் சேனலில் இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். 52க்கும் 144க்கும் நடுவில் இருந்தால், அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் ரேடார் இருக்கிறதா என்று 60 நொடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். 36க்கு மாற்றுங்கள், அந்த ஒரு நிமிடம் உடனே மிச்சம்.